மணப்பாடு வரைக்கும்

என் அக்காவைக் கட்டியவர் சினிமாவுக்குப் போனாலும் முதலில் வெளியே வரும் வழியைத்தான் பார்ப்பார். டிக்கெட் வாங்கிய கையோடு எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டுத் தான் மட்டும் உள்ளே போவார். எத்தனை கதவு, எது வெளிப்பக்கமாகத் திறக்கிறது, எதன் தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கிடக்கிறது என்று பார்த்துவிட்டு வந்த பிறகுதான் எங்களுக்கு இடம் கிடைக்கும். படம் சூடுபிடிக்கும் நேரத்தில் என் காதருகே குனிந்து, "மாப்ள, தீப் புடிச்சா நீ அக்காவக் கூட்டிக்கிட்டு எடது பக்கம் போயிரு. நான் பின்னால வாறேன்" என்பார். அதற்கப்புறம் எங்கே படம் பார்ப்பது? திரையில் கதாநாயகி அழுதுகொண்டிருப்பாள், நான் இடது பக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

கல்யாணத்தன்றும் அப்படித்தான். எங்கள் ஊர் பூம்பாறை. பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பம். மாப்பிள்ளை வீட்டார் பழனி அடிவாரத்தில் யாத்திரைக்காரர்களை நம்பிக் கடை வைத்திருந்தவர்கள். மாலையைக் கழற்றி வைத்ததும் மாப்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஏதோ கேலி பேசப்போகிறார் என்று நானும் சிரித்துக்கொண்டே போனேன். மலைப்பாதையில் பஸ் நின்றுபோனால் உங்கள் ஊருக்கு வர வேறு வழி உண்டா, நடந்தால் எத்தனை மணி நேரம், வழியில் ஒதுங்க எங்கே இடம் இருக்கிறது என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல வேட்டி மடிப்பிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். கல்யாண வேட்டிக்குள் நோட்டு வைத்திருந்த மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவர்தான், தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் கரையை ஒட்டியே தன்னந்தனியாகப் பாய்ப்படகில் போகப்போகிறேன் என்று சொன்னவர். ஏழாயிரம் அடி உயரத்தில், கம்பளிக் கோட்டும் குல்லாயுமாக உட்கார்ந்துகொண்டு சொன்னார். அதுவரை அவர் கடலைக் கண்ணால் பார்த்ததே கிடையாது.

ஏன் கடல் என்று அவரிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒருமுறை, உடம்புக்கு உப்புக்காற்று நல்லது என்றார். இன்னொருமுறை, மலையில் எங்கே திரும்பினாலும் எதிரே ஒன்று மறித்துக்கொண்டு நிற்கிறது, ஒரு பக்கமாவது ஒன்றுமே இல்லாத இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அக்காவிடம் சொன்ன காரணம் வேறு. அதைத்தான் நான் ஓரளவு நம்பினேன். அவர் கொடைக்கானல் டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராக இருந்தார். அந்தக் காலத்தில் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். இங்கிருந்து லைன் மலையிறங்கி வத்தலக்குண்டு, அங்கிருந்து மதுரை, மதுரையிலிருந்து மற்ற ஊர்கள் என்று ஆபரேட்டர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுச் சேர்த்துவைப்பார்கள். விடியற்காலையில் யாரும் பேசாத நேரத்தில் ஆபரேட்டர்களே தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். தூத்துக்குடி, காயல்பட்டினம், திருச்செந்தூர் என்று கடற்கரை ஊர் ஆபரேட்டர்கள் அத்தனை பேரின் குரலும் இவருக்குப் பழக்கம். "குரலத் தெரியும், ஊரத் தெரியாது. ஒரு தடவ எல்லாத்தையும் வரிசையாப் பாத்துட்டு வந்துர்றேன்" என்று அக்காவிடம் சொன்னாராம். அதற்குப் பஸ்ஸில் போனால் போதாதா என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

காற்று எந்தப் பக்கம் என்று தினமும் வெள்ளனே கேட்பார். தூத்துக்குடி ஆபரேட்டர் பாவம், எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு வந்து சொல்வார். திருச்செந்தூர்க்காரர் கோயில் கொடியைப் பார்த்துச் சொல்வார். அதையெல்லாம் ஒரு பெரிய நோட்டில் தேதிவாரியாக எழுதுவார். வருஷங்கள் போகப் போக நோட்டுகள் அடுக்கடுக்காக ஏறின. எந்த மாதத்தில் எந்த நேரத்தில் திருச்செந்தூர்க் கொடி எந்தப் பக்கம் பறக்கும் என்பது திருச்செந்தூரில் இருக்கிறவனுக்குத் தெரியாது, கொடைக்கானலில் எங்கள் மச்சானுக்குத் தெரியும்.

காற்று நோட்டுக்கு அடுத்தது ஒதுங்கும் நோட்டு. கரையோரமாகப் போகிறவனுக்குக் கடல் ஆபத்தில்லை, கரைதான் ஆபத்து என்பது அவருடைய கட்சி. காற்று திரும்பினால், பாய் கிழிந்தால், உடம்புக்கு முடியாமல் போனால் எந்த இடத்தில் கரையேறலாம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இன்ன ஊரிலிருந்து இன்ன ஊருக்கு இத்தனை மைல், நடுவில் ஒதுங்க இடம் இது, அதைத் தவறவிட்டால் அடுத்தது அது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். கரையேறிய ஊரிலிருந்து தினமும் சாயங்காலத்துக்குள் கொடைக்கானலுக்கு டிரங்கால் போட்டு, வந்து சேர்ந்தேன் என்று சொல்லிவிட வேண்டும். அக்கா ஆபீஸ் பெஞ்சில் காத்திருந்து அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதுதான் ஏற்பாடு.

ஏற்பாடு என்று இருந்தால் ஒத்திகையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி சாப்பிட்டு முடித்ததும் நடக்கும். நான் மார்க்கெட்டில் காய்கறி மண்டியில் வேலை பார்த்தேன். ஞாயிறு மண்டி அடைப்பு என்பதால் அக்கா வீட்டில்தான் இட்லி. ஆகவே இந்தக் கூத்தைப் பல வருஷம் பார்த்திருக்கிறேன். அவர் கேட்பார், அக்கா சொல்வாள்.

"ஆறு மணியாச்சு. போன் வரல. என்ன செய்வ?"

"பதறாம வீட்டுக்கு வந்துருவேன்."

"எதுவரைக்கும் பாப்ப?"

"மறுநா மத்தியானம் வரைக்கும்."

"அதுக்கும் வரல?"

"தம்பிகிட்டச் சொல்லித் தூத்துக்குடித் துறைமுகத்துக்குத் தந்தி குடுக்கச் சொல்லுவேன்."

"அதுக்கு அப்பறம்?"

இந்த இடத்தில் அக்கா எப்போதும் நின்றுவிடுவாள். மிச்சத்தை அவரே சொல்வார். ஆபீசுக்கு எழுத வேண்டிய கடிதம் எந்தப் பெட்டியில் இருக்கிறது, எங்கே கையெழுத்துப் போட வேண்டும், யார் வந்து பழனிக்குக் கூப்பிட்டாலும் போகாதே, தம்பியோடு இரு, கம்பளிகளை மடித்து வேப்பிலை போட்டு வை. அன்பாகத்தான் சொல்வார். அதுதான் என்னால் தாங்க முடியாதது. கோபமாகச் சொன்னாலாவது சண்டை போட்டிருக்கலாம். ஒருமுறை பொறுக்காமல், "மச்சான், உசுரோட இருக்கும்போதே எதுக்கு இந்த எழவு" என்று கத்திவிட்டேன். அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. "உசுரோட இருக்கும்போதுதானே மாப்ள சொல்ல முடியும்?" என்றார்.

அக்காவுக்குத் தூக்கம் கெட்டது அந்த ஒத்திகைகளில்தான். இரவெல்லாம் விழித்துக் கிடப்பாள். பகலில் கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போயிருக்கும். ஆஸ்பத்திரியில் காட்டினால் ரத்தம் இல்லை என்று டானிக் எழுதிக் கொடுத்தார்கள். ரத்தம் இருந்தது. மனுஷிக்கு நிம்மதி இல்லை. பிள்ளை குட்டியும் இல்லாத வீட்டில் ராத்திரி பூராவும் அந்த 'அதுக்கு அப்பறம்' தான் அவளுக்குத் துணை. நான் அவர்மேல் கொண்ட கோபத்துக்கெல்லாம் காரணம் அதுதான்.

ஆனால் அவரை வெறுக்கவும் முடியாது. ஆபீசில் அவர் ஏற்படுத்திவைத்த ஒரு வழக்கத்தைச் சொல்கிறேன். கீழேயிருந்து சாவுச் செய்தி வரும். வந்த செய்தியைப் போனை எடுக்கும் பெண்பிள்ளையிடமோ வயதானவர்களிடமோ பட்டென்று சொல்வதை அவர் ஒத்துக்கொள்ளவே மாட்டார். "லைன் சரியில்ல, செத்த நேரம் பொறுங்க" என்று சொல்லி நிறுத்திவைப்பார். அதற்குள் பியூனை அனுப்பி அந்த வீட்டு ஆண்பிள்ளை ஒருவரை, அண்ணனோ தம்பியோ மச்சினனோ, எங்கிருந்தாலும் தேடிக் கூட்டிவரச் செய்வார். ஆபீஸ் ஆள் ஒருவரும் அந்த உறவுக்காரரும் சேர்ந்து வீட்டுக்குப் போய் மெதுவாகச் சொல்வார்கள். விழுகிறவரைத் தாங்கப் பக்கத்தில் ஒரு கை இருக்க வேண்டும் என்பார். மற்ற ஆபரேட்டர்களும் அதையே பழகிக்கொண்டார்கள். ஊருக்கு இது தெரியாது. வீட்டுக்கு வந்து அவர் அக்காவிடம் சொல்வார், அக்கா என்னிடம் சொல்வாள். "இன்னிக்கி லைன் சரியில்லையாம்" என்று அவள் மெதுவாகச் சொன்னால், ஊரில் எந்த வீட்டிலோ எழவு என்று நான் தெரிந்துகொள்வேன்.

ஏரியில் அவர் படகு பழகிய கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். படகுத்துறையில் ஒரு பழைய துடுப்புப் படகை வாங்கிக்கொண்டு, மூங்கில் நட்டு, அக்காவின் பழைய விரிப்பைத் தைத்துப் பாய் கட்டினார். கொடைக்கானல் ஏரியைச் சுற்றி மலை. காற்று ஒரு பக்கமாக வராது. இந்தப் பள்ளத்தில் இறங்கி அந்த மேட்டில் முட்டி மூன்றாவது பக்கத்திலிருந்து முகத்தில் அடிக்கும். பாய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அறைந்துகொண்டே இருக்கும். மூன்று முறை கவிழ்ந்தார். கரையில் குதிரைக்காரர்களும் சீசனுக்கு வந்தவர்களும் கைதட்டினார்கள். நான் வெட்கத்தில் யாரோ போல நின்றேன். நடுங்கிக்கொண்டே கரையேறியவர் துண்டைக்கூட வாங்காமல் நோட்டைக் கேட்டார். அக்கா அன்றைக்கு வைத்த பூண்டு ரசத்தில் மூக்கில் ஏறும் அளவுக்கு மிளகு இருந்தது. அவளுக்கு இருந்த கோபத்தையெல்லாம் அதில்தான் காட்டினாள்.

ஒன்பது வருஷம் இப்படியே போயிற்று. ஒவ்வொரு வருஷமும் மாசி பிறந்தால் போகிறேன் என்பார். ஏதோ ஒன்று சரியாக இருக்காது. காற்று நோட்டில் ஒரு வாரம் விட்டுப்போயிருக்கும், லீவு கிடைக்காது, உவரிக்கு அப்பால் ஒதுங்க இடம் உறுதியாகத் தெரியாது. கோழையா, துணிச்சல்காரரா என்று எனக்குப் பிடிபடவே இல்லை. கோழை ஏன் கடலுக்குப் போக நினைக்க வேண்டும்? துணிச்சல்காரர் ஏன் ஒன்பது வருஷம் உட்கார்ந்திருக்க வேண்டும்? இரண்டும் இல்லாத மூன்றாவது வகை ஏதாவது இருக்கலாம், எனக்குத் தெரியாது.

கடைசியில் ஒரு வருஷம் லீவு கிடைத்துவிட்டது. சித்திரையில் சீசன் தொடங்கினால் ஆபீஸ் ஆளை விடாது. அதனால் பங்குனித் தொடக்கத்தில் இரண்டு வாரம். செய்தியைக் கேட்டதும் அக்காவிடம் ஓடினேன். நான் எப்படியாவது தடுத்துவிடுகிறேன், தேவைப்பட்டால் காலில் விழுகிறேன் என்றேன். அக்கா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வேணாம்டா தம்பி. போகச் சொல்லு. போனாத்தானே திரும்பி வர முடியும். இங்கயே இருந்தா எப்படி வருவாரு?"

எனக்கு அந்தப் பேச்சு புரியவில்லை. வழியனுப்ப நானும் தூத்துக்குடி போனேன்.

தூத்துக்குடி ஆபரேட்டர் தனக்குத் தெரிந்த ஒரு மீனவரிடம் படகு பேசி வைத்திருந்தார். வத்தை என்பார்கள், ஒரு ஆளே பாயும் சுக்கானும் பார்த்துக்கொள்ளக்கூடிய சின்னப் படகு. மச்சான் கடலை முதன்முதலாகப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். "பெருசுதான்" என்றார், அவ்வளவுதான். பிறகு மணலில் உட்கார்ந்து மீனவரிடம் ஒதுங்கும் நோட்டைப் பிரித்துக் காட்டி ஒவ்வொரு ஊராக வாசித்தார். மீனவர் பீடி பிடித்தபடி பொறுமையாகக் கேட்டார். பாதி வாசித்ததும் கையை நீட்டி நிறுத்தினார்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீய. இந்த ஊர்ல எல்லாம் போன் இருக்கு. படவு ஒதுங்க எடம் இல்ல."

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஒன்பது வருஷமாக அவர் விசாரித்தது முழுவதும் ஆபரேட்டர்களிடமும் போஸ்டாபீஸ்காரர்களிடமும். போன் இருக்கும் ஊர்களுக்குத்தான் அவருடைய நோட்டில் இடம். அலை அடிக்காமல் மணல் வளைந்து உள்வாங்கியிருக்கும் இடங்களில் பாதிக்குமேல் போஸ்டாபீசே கிடையாது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அன்று பகல் முழுவதும் மீனவர் சொல்லச் சொல்ல அடித்து அடித்துத் திருத்தினார். மணப்பாடு வரைக்கும் பயமில்லை, அங்கே மணல்மேடு கடலுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால் அதன் மறைவில் படகு நிற்கும், போனும் உண்டு என்றார் மீனவர். அதற்கு அங்கிட்டுக் கடல் திறந்து கிடக்கிறதாம். காற்றும் அலையும் நேராகக் கரையில் வந்து விழும், நினைத்த இடத்தில் ஏற முடியாது. மச்சான் அதைக் கேட்டு மெல்லத் தலையாட்டினார். அந்தத் திறந்த கடலுக்காகத்தான் அவர் இத்தனை வருஷம் காத்திருந்தார் என்று எனக்கு அந்த நிமிஷம் தோன்றியது. சரியா தவறா தெரியாது.

மீனவரோடு இரண்டு நாள் துறைமுகத்துக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தார். கடலில் காற்று ஒரே பக்கமாக வந்துகொண்டிருந்தது. ஏரியில் பழகிய மனிதர் பாய்க் கயிற்றைக் கையில் பிடித்தபடி, காற்று எப்போது திரும்பும் என்று காத்துக்கொண்டே இருந்தார். அது திரும்பவே இல்லை. மீனவர்தான் சிரித்துச் சிரித்து, கயிற்றைக் கட்டிவிட்டு உட்காரச் சொல்லிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பினார். பாய் விரிந்தது. கரையிலிருந்து நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷம் கரித்துக்கொட்டிய மனிதர்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று அந்த மணலில் நின்றபோதுதான் தெரிந்தது.

அன்று பஸ் ஏறிச் சாயங்காலம் நான் கொடைக்கானல் வந்து சேர்ந்தபோது காயல்பட்டினத்திலிருந்து போன் வந்துவிட்டிருந்தது. அக்கா பெஞ்சில் இருந்து எழுந்துபோய்க் கேட்டாளாம். வந்து சேர்ந்தேன், தோள் மட்டும் வலிக்கிறது, நாளைக்கு மணப்பாடு, புதன்கிழமை அங்கேயே இருந்து கடலைப் பார்த்துவிட்டு வியாழக்கிழமை தாண்டுவேன் என்றாராம். "குரல் வேற மாதிரி இருந்துச்சுடா. சந்தோசமா இருந்துச்சு" என்றாள் அக்கா. அன்று ராத்திரியும் அவள் தூங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மலையில் கோடை இடி இறங்கியது. ஒரு மணி நேரம் பேய்மழை, அப்படி ஒரு காற்று. மண்டிக் கூரையில் இரண்டு தகரம் பறந்தது. மழை விட்ட சமயம் டெலிபோன் ஆபீசிலிருந்து பியூன் வந்து என்னைக் கூப்பிட்டான். அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். புதிதாக வந்திருந்த ஆபரேட்டர் இருந்தார், தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், மரியாதைக்காரர். வத்தலக்குண்டுக்கு லைன் அறுந்துவிட்டது, மலைப்பாதையில் ஊத்து என்கிற இடத்தில் மரம் விழுந்திருக்கிறதாம், தந்தியும் போகாது, இன்றைக்கு மணப்பாட்டுப் போன் வந்தாலும் இங்கே வந்து சேராது என்றார். லைன் அறுந்தால் எங்கே அறுந்தது என்று சோதித்து ஆட்களை விரட்டி அனுப்புகிறவர் மச்சான்தான். அவர் இல்லாததால் இவர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். உங்கள் அக்கா பெஞ்சுக்கு வந்து காத்திருந்து ஏமாறுவதைவிட நாமே போய்ச் சொல்லிவிடலாம், நீங்களும் கூட வந்தால் நல்லது என்றார். அவருக்கு நல்ல மனசு. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

இரண்டு பேரும் ஈரச் சட்டையோடு மேட்டில் ஏறி அக்கா வீட்டு வாசலில் போய் நின்றோம். அக்கா கதவைத் திறந்தாள். அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"லைன் சரியில்லைம்மா" என்றார் அந்த மனிதர்.

அக்கா கதவைப் பிடித்தபடி நின்றாள். பிறகு, "சரி. நனைஞ்சுட்டீங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். காப்பி போட்டுக் கொடுத்தாள். அவர் போன பிறகு என்னிடம், எனக்குத் தலையைச் சுற்றுகிறது, படுக்கிறேன், நீயும் வீட்டுக்குப் போ என்றாள். துணைக்கு இருக்கிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள். அக்கா எவ்வளவு தைரியமாகிவிட்டாள், ஒத்திகை வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டே இறங்கிப் போனேன். என் புத்தியை எதால் அடிப்பது?

புதன்கிழமை காலையிலும் லைன் வரவில்லை. பாதையிலும் மரம் கிடந்ததால் பஸ் இல்லை. ஒத்திகைப்படி மத்தியானம்வரை பார்த்துவிட்டுத் தந்தி கொடுக்க வேண்டும். தந்தி கொடுக்கவும் கம்பி இல்லை. அவருடைய நோட்டில் கடலில் நடக்கக்கூடியது அத்தனையும் இருந்தது, ஊத்தில் மரம் விழும் என்பது இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலை விரித்துப் போட்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது. கண்ணைச் சுற்றியிருந்த கருமைகூட மங்கியிருந்தது. கட்டிலில் அவருடைய கம்பளிக் கோட்டு, குல்லாய், மப்ளர் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டு, ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். வெயில் காலம் வருகிறது, எடுத்து வைக்கிறாள் என்று நான் நினைத்தேன். சாப்பிட்டாயா என்றேன். நன்றாகச் சாப்பிட்டேன் என்றாள்.

மத்தியானம் வெளியே வேகமாக யாரோ ஏறிவரும் சத்தம் கேட்டது. மச்சான். முகம் வெயிலில் கரிந்து தோல் உரிந்திருந்தது. கால்சட்டை மடிப்பில் கடல் மணல், முழங்கால்வரை மலைச் சேறு. மூச்சு வாங்கியது. செவ்வாய்க்கிழமை மணப்பாட்டில் கரையேறிப் போன் போட்டிருக்கிறார். கொடைக்கானல் லைன் அறுந்துவிட்டது என்று மதுரை ஆபரேட்டர் சொல்லியிருக்கிறார். படகை அங்கேயே ஒருவர் பொறுப்பில் விட்டுவிட்டுப் பஸ் மாறி மாறி வந்து, ஊத்தில் விழுந்த மரத்தைத் தாண்டி நடந்து, இந்தப் பக்கம் ஒரு காய்கறி லாரியைப் பிடித்திருக்கிறார். மரத்தடியில் லைன்மேன்கள் கூப்பிட்டும் நிற்கவில்லையாம். திறந்த கடலை விட்டுவிட்டு எதற்காக இப்படி ஓடிவந்தார் என்று எனக்குப் புரியவில்லை.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவிடம் நேராகப் போனார்.

"நெசமாவே லைன் அறுந்துதான் கெடக்கு. மரம் விழுந்துருச்சு. ஆபீஸ்காரங்க ஒங்கிட்ட வந்து அதையே சொன்னா நீ வேற மாதிரி நெனச்சுக்கிருவியேன்னுதான் ஓடியாந்தேன்."

அப்போதுதான் எனக்கு மண்டையில் அடித்தது. ஆபீஸ் ஆளும் தம்பியும் சேர்ந்து வாசலில் வந்து நின்று, லைன் சரியில்லை என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த ஊரிலேயே அக்காவுக்குத்தான் நன்றாகத் தெரியும். நான்தான் போய் நின்றிருக்கிறேன். காலையிலிருந்து அக்கா, செத்துப்போன புருஷனின் கோட்டைத்தான் மடித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா எழுந்து அவர் பக்கத்தில் வந்தாள். உரிந்த கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"ரொம்பப் பயந்துட்டியா?" என்றார் அவர்.

"இல்லங்க" என்றாள் அக்கா. "இவன் வந்து நின்னப்பவே நீங்க இல்லன்னு தெரிஞ்சு போச்சு. அழணும்னுதான் உக்காந்தேன். அழுக வரல. தூக்கம் வந்துச்சு. இந்த ஒம்போது வருசத்துல நான் அப்படித் தூங்குனதே இல்ல."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். அல்லது உடைந்துபோவார். இரண்டும் இல்லை. சேறு அப்பிய காலோடு கட்டில் ஓரத்தில், மடித்த துணிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எத்தன மணி நேரம் தூங்குன?"

"வெளக்கு வைக்கிறதுக்கு முந்திப் படுத்தேன். வெயில் வந்த பெறகுதான் முழிச்சேன்."

அவர் தலையாட்டினார். பிறகு, தனக்குத் தெரியாத ஊரைப் பற்றி விசாரிப்பதுபோலக் கேட்டார்.

"இன்னிக்கும் தூங்குவேல்ல?"

"நீங்கதான் வந்துட்டீங்களே" என்றாள் அக்கா. "இனிமே எப்படிங்க தூங்குறது?"

அதைச் சொன்னபோது அவருடைய சட்டைக் கையை அவள் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவர் அதை விடுவித்துக்கொள்ளவில்லை. நான் ஒன்றும் புரியாமல் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.